ஈறில் ரத்தம் வந்தால்: ஈறு நோய் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"வலியெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர், பல் விளக்கும்போது லேசா ரத்தம் வரும், அவ்வளவுதான்." நாற்காலியில் சாய்வதற்கு முன்பே பலர் சொல்லிவிடும் பேச்சு இது. வந்தது வேறு எதற்காகவோ இருக்கும். ரத்தத்தைப் போகிற போக்கில் சொல்வார்கள். சொத்தைப் பல் அப்படி விடாது. ராத்திரி தூங்கவிடாமல் படுத்தி, மறுநாள் காலையில் ஆளை இழுத்துக்கொண்டு வந்துவிடும். ஈறு நோய்க்கு அந்த நல்ல குணம் இல்லை. பத்து வருடம் சத்தமே போடாமல் எலும்பைக் கரைத்துவிட்டு, ஒரு நாள் முறுக்கு கடிக்கும்போதுதான் பல் ஆடுவது தெரியும். கிளினிக்கில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் கீழே எழுதியிருக்கிறேன்.

பல் துலக்கும்போது ரத்தம் வருகிறது. பிரஷ் கடினமாக இருப்பதால்தானே?

பெரும்பாலும் இல்லை. புது பிரஷ் குத்தியதால் வந்த காயம் என்றால் ஒரே இடத்தில் எரியும், இரண்டு மூன்று நாளில் ஆறிவிடும். வாரக்கணக்கில், பல இடங்களில், வலியில்லாமல் ரத்தம் வந்தால் அது ஈறு அழற்சி. பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் கிருமிப் படலம் தங்கிவிட்டது. அதோடு சண்டை போட உடம்பு அங்கே ரத்த ஓட்டத்தைக் கூட்டியிருக்கிறது. நாளங்கள் விரிந்து, மேல்தோல் மெலிந்து நிற்கிற ஈறை எவ்வளவு மென்மையான பிரஷ் தொட்டாலும் கசியும்.

ரத்தத்தைப் பார்த்ததும் அந்த இடத்தை விட்டுவிட்டுத் துலக்குவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. விட்ட இடத்தில் அழுக்கு கூடும், அழுக்கு கூடினால் ரத்தமும் கூடும். 1965-இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் ஹரால்ட் லோ என்பவரும் அவருடைய குழுவும் செய்த ஒரு பரிசோதனையை இன்றும் பல் மருத்துவக் கல்லூரிகளில் முதலில் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆரோக்கியமான ஈறு உள்ள 12 பேரைப் பல் துலக்கவே வேண்டாம் என்று சொல்லி விட்டார்கள். 10 நாளிலிருந்து 21 நாளுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு அழற்சி வந்துவிட்டது. மறுபடி துலக்க ஆரம்பித்ததும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது.

ஆகவே ரத்தம் வருகிற இடத்தை இன்னும் கவனமாக, அழுத்தாமல், மென்மையான பிரஷ்ஷால் துலக்குங்கள். பத்து நாளில் நின்றுவிட்டால் நல்லது. நிற்கவில்லை என்றால் பிரஷ்ஷுக்கு அசையாத எதோ அங்கே ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம்.

அந்த "எதோ" என்பது என்ன? ஈறு நோய் எப்படி உண்டாகிறது?

காலையில் எழுந்ததும், பல் துலக்குவதற்கு முன், ஈறு ஓரத்தில் நகத்தால் மெதுவாகச் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாக, மாவு மாதிரி ஒன்று நகத்தில் வரும். சாப்பாட்டு மிச்சம் என்று நினைப்போம். உண்மையில் அது கோடிக்கணக்கான கிருமிகள் கூடு கட்டி வாழும் படலம். பிரஷ் பட்டால் போய்விடும். படாமல் சில நாள் கிடந்தால், எச்சிலில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து அதில் இறங்கி இறுகிவிடும். அதுதான் காரை. சிமெண்ட் மாதிரி ஒட்டிக்கொள்ளும். எந்தப் பேஸ்ட்டாலும் எடுக்க முடியாது. அதன் சொரசொரப்பான மேல்பரப்பு புதுப் படலம் தங்க வசதியாகிவிடும்.

ஈறு மட்டும் வீங்கியிருக்கும் வரை அது ஈறு அழற்சி, முழுதாகத் திரும்பி வரலாம். படலம் ஈறுக்குக் கீழே இறங்கினால் கதை மாறுகிறது. பல்லின் வேரைத் தாடை எலும்போடு பிடித்து வைத்திருக்கும் நார்களும், அந்த எலும்பும் அழியத் தொடங்கும். கிருமி எலும்பைத் தின்கிறது என்று சொல்வது வழக்கம். அது பாதிதான் உண்மை. கிருமியை விரட்ட உடம்பு நடத்தும் போரில் நம் எலும்பே கரைகிறது. கரைந்த எலும்பு தானாகத் திரும்ப வளராது. இரண்டு நிலைக்கும் உள்ள வித்தியாசம் இந்த ஒன்றுதான். உலக சுகாதார அமைப்பின் 2022 அறிக்கை, கடுமையான ஈறு நோய் உள்ளவர்கள் உலகில் 100 கோடிக்கும் மேல் என்கிறது.

வீட்டிலேயே கண்ணாடியில் பார்த்துக் கண்டுபிடிக்கலாமா?

ஓரளவு கண்டுபிடிக்கலாம். நல்ல வெளிச்சத்தில் உதட்டை விரலால் தூக்கிப் பிடியுங்கள்.

முதலில் நிறத்தைப் பற்றிய ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். "ஆரோக்கியமான ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும்" என்று படித்துவிட்டு, என் ஈறு கறுப்பாக இருக்கிறதே என்று பயந்து வருகிறவர்கள் நிறைய. நம்மில் பலருக்கு ஈறில் கருமையோ பழுப்புத் திட்டுகளோ பிறவியிலேயே உண்டு. தோலுக்கு நிறம் தரும் அதே மெலனின்தான், நோய் இல்லை. சின்ன வயதிலிருந்து இல்லாமல் புதிதாக வந்த கருந்திட்டு, ஓர் இடத்தில் மட்டும் பெரிதாகிக்கொண்டே போவது என்றால்தான் காட்ட வேண்டும்.

நிறத்தைவிட வடிவத்தைப் பாருங்கள். இரண்டு பல்லுக்கு இடையில் ஈறு கூர்மையான முக்கோணமாக ஏறி நிற்க வேண்டும், ஓரம் மெல்லியதாகப் பல்லோடு ஒட்டியிருக்க வேண்டும். பலருக்கு மேற்பரப்பில் ஆரஞ்சுத் தோல் மாதிரி சின்னச் சின்னப் புள்ளிக் குழிகள் தெரியும். நோய் வந்த ஈறில் முக்கோணம் உருண்டு உப்பிவிடும், பளபளவென்று மின்னும், கருஞ்சிவப்பு ஏறும். அப்புறம் நாக்கின் நுனியைக் கீழ் முன்பற்களின் பின்பக்கம் ஓட்டுங்கள். எச்சில் சுரப்பியின் வாய் அங்கேதான் திறக்கிறது. காரை முதலில் படிவதும் அங்கேதான். வழவழப்பாக இல்லாமல் சின்ன வரப்பு தட்டினால் காரை இருக்கிறது.

இன்னும் முற்றியிருந்தால்: பல் நீளமானது போலத் தோன்றும். உண்மையில் ஈறு இறங்கி வேர் தெரிகிறது. முன்பு இல்லாத இடத்தில் கீரை நாரும் கறி நாரும் மாட்டிக்கொள்ளும். முன்பற்கள் விலகி நடுவில் புது இடைவெளி விழும். "ரெண்டு வருஷம் முன்னாடி எடுத்த கல்யாண போட்டோவுல இந்த இடுக்கு இல்ல" என்று போனில் படத்தைக் காட்டி ஒருவர் சொன்னார். எந்த எக்ஸ்ரேவுக்கும் குறையாத சாட்சி அது. வாய் நாற்றமும் ஓர் அறிகுறிதான், ஆனால் நமக்கே தெரியாது; வீட்டில் இருப்பவர்களைத்தான் கேட்க வேண்டும்.

புகைபிடிப்பவர்கள் மட்டும் ரத்தம் வரவில்லை என்று நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். நிகோட்டின் ரத்த நாளங்களைச் சுருக்குவதால் ரத்தமே வராமல் உள்ளே நோய் முற்றும். அவர்களுக்குத்தான் நோய் வேகமாகவும் போகும்.

டாக்டர் ஊசி மாதிரி ஒன்றை ஈறுக்குள் விட்டு "மூணு, ரெண்டு, அஞ்சு" என்று எண் சொல்கிறாரே, அது என்ன?

அது ஊசி இல்லை. முனை மழுங்கிய, மில்லிமீட்டர் கோடு போட்ட அளவுகோல். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே எல்லோருக்கும் ஒரு சிறு பள்ளம் உண்டு. அதன் ஆழம் 1 முதல் 3 மி.மீ. இருந்தால் சரி. 4 அல்லது 5 என்றால் பள்ளம் பையாகிவிட்டது; பிரஷ் அவ்வளவு கீழே போகாது. 6-க்கு மேல் போனால் எலும்பு நன்றாகவே இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு பல்லையும் சுற்றி ஆறு இடத்தில் அளப்பார்கள். அத்தோடு எக்ஸ்ரேயும் பார்த்துத்தான் எந்த நிலை என்று சொல்ல முடியும். 2018-இல் வெளியான வகைப்பாட்டின்படி நான்கு நிலைகள்.

இந்த எண்களை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து 6 எத்தனை ஆயிற்று என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஈறு நோய் என்று சொல்லிவிட்டு ஒருமுறைகூட அளக்காமல் நேரடியாக லேசர், ஆபரேஷன் என்று பேசினால் இன்னொரு மருத்துவரையும் பார்த்துவிடுங்கள்.

என் கணவர் ஒரு நாளைக்கு ஒரு தடவை ஏனோதானோ என்று துலக்குகிறார், அவருக்கு ஒன்றும் இல்லை. எனக்கு மட்டும் ஏன்?

நியாயமான ஆத்திரம். பதில் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வருகிறது. மேலே சொன்ன அதே ஹரால்ட் லோ, 1970-லிருந்து 15 வருடம் அங்கே 480 ஆண் தொழிலாளர்களைத் தொடர்ந்து கவனித்தார். பிரஷ், பேஸ்ட், பல் மருத்துவம் எதுவுமே எட்டாத மக்கள். எல்லோர் வாயிலும் காரை, எல்லோருக்கும் ஈறு அழற்சி. ஆனால் விளைவு ஒன்றாக இல்லை. 8 சதவீதம் பேருக்கு நோய் பாய்ந்து சென்றது. 45 வயதுக்குள் ஏறக்குறைய எல்லாப் பல்லும் போயின. 81 சதவீதம் பேருக்கு மெதுவாக முன்னேறியது. மீதி 11 சதவீதம் பேருக்கு ஈறு அழற்சியைத் தாண்டிப் போகவே இல்லை.

அந்த மனிதர்களுக்குச் சிகிச்சை எட்டாமல் போனதால்தான் இந்தக் கணக்கே நமக்குக் கிடைத்தது என்பது இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உறுத்தும்.

அழுக்கு எல்லோருக்கும் பொது. அதற்கு உடம்பு எப்படிப் பதில் சொல்கிறது என்பது ஆளுக்கு ஆள் வேறு. குடும்ப வழியாக வரும் தன்மை, சர்க்கரை நோய், புகையிலை எல்லாம் அதை மாற்றும். உங்கள் கணவர் அந்த 11 சதவீதத்தில் ஒருவராக இருக்கலாம். நீங்கள் இல்லை, அதனால் நீங்கள் கூடுதலாகத்தான் மெனக்கெட வேண்டும்.

எனக்குச் சர்க்கரை இருக்கிறது. ஈறுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

நெருங்கிய சம்பந்தம், அதுவும் இரண்டு பக்கமும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு ஈறு நோய் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு கூடும். வந்தால் ஆறவும் நாளாகும். மறுபக்கம், ஈறில் எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் அழற்சி இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுத்துச் சர்க்கரையை ஏற்றும். ஆழமாகச் சுத்தம் செய்து ஈறைச் சரிப்படுத்தினால் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c) ஏறக்குறைய 0.3 முதல் 0.4 புள்ளி வரை இறங்குவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 8.2 இருந்தால் 7.8 என்று வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை ஒன்று கூடுதலாகப் போட்டதற்கு ஓரளவு நெருங்கிய பலன் அது.

காலில் புண் வந்தால் சர்க்கரை டாக்டரிடம் ஓடுகிறோம். இத்தனை பல்லைச் சுற்றியும் ஈறு புண்ணாகிக் கிடந்தால் மொத்தப் பரப்பு உள்ளங்கை அகலத்துக்கு வந்துவிடும். அதை யாரும் புண்ணாகவே நினைப்பதில்லை.

பிரஷர் மாத்திரை சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து ஈறு வளர்ந்துகொண்டே வருகிறதே?

மாத்திரைச் சீட்டை எடுத்துப் பாருங்கள். அம்லோடிபின், நிஃபெடிபின் என்று இருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். வலிப்பு நோய்க்கான ஃபெனிடாயின், சிறுநீரக மாற்று செய்தவர்கள் எடுக்கும் சைக்ளோஸ்போரின் இரண்டும் இதே வேலையைச் செய்யும். எல்லோருக்கும் வருவதில்லை, காரை அதிகம் உள்ளவர்களுக்கு மோசமாக வரும். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். அது ஈறைவிடப் பெரிய ஆபத்து. முதலில் சுத்தம் செய்துகொண்டு, மாற்று மருந்து தர முடியுமா என்று மாத்திரை எழுதிய மருத்துவரிடம் கேளுங்கள்.

கர்ப்பமாக இருக்கும்போது சுத்தம் செய்யலாமா?

செய்யலாம். ஹார்மோன் மாற்றத்தால் அந்த மாதங்களில் ஈறு வழக்கத்தைவிட அதிகமாக வீங்கும்; சிலருக்குச் சிவந்த சின்ன உருண்டைகூட வளரும், பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் சுருங்கிவிடும். நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை உட்கார வசதியான காலம். அவசரம் என்றால் எந்த மாதமும் பார்க்கலாம். "புள்ளத்தாச்சி பல் ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது" என்று சொல்லும் பெரியவர்களிடம் சண்டை போடாமல், டாக்டரிடம் கூடவே அழைத்து வந்துவிடுங்கள்.

ஸ்கேலிங் (கருவியால் காரையை எடுப்பது) செய்தால் பல் ஆட ஆரம்பித்துவிடும், எனாமல் (பல்லின் கெட்டியான மேலுறை) தேய்ந்துவிடும் என்கிறார்களே?

இந்தக் கேள்வி வராத நாளே இல்லை. சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. பார்த்ததைச் சொல்கிறார்கள், காரணத்தைத்தான் மாற்றிப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

எலும்பு பாதி கரைந்து பல் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும். பக்கத்துப் பக்கத்துப் பற்களைக் காரை ஒரே கட்டியாகப் பிடித்து வைத்திருப்பதால் ஆடுவது தெரியாது. ஈரச் சுவரை அதில் முளைத்த செடியின் வேர் பிடித்திருப்பது போல என்று சொல்லலாம். சுவரைப் பாழாக்கியதும் அந்த வேர்தான், தாங்குவது போல நடிப்பதும் அந்த வேர்தான். காரையை எடுத்ததும் பல்லின் உண்மை நிலை வெளியே தெரிகிறது. பல நேரம் அழற்சி வடிந்ததும் ஈறு இறுகி, ஆட்டம் சில வாரங்களில் குறையவும் செய்யும்.

இடைவெளி விழுந்தது என்பார்கள். அந்த இடத்தை அடைத்திருந்தது காரை. எடுத்ததும் காலி இடம் தெரிகிறது. கூச்சம் உண்மைதான். வேர்ப் பகுதி மூடியிருந்தது, இப்போது திறந்துவிட்டது. ஐஸ் தண்ணீர் பட்டால் சுரீர் என்னும். சில நாளிலிருந்து சில வாரத்தில் அடங்கும், கூச்சத்துக்கான பேஸ்ட் உதவும்.

எனாமல் விஷயத்துக்கு வருவோம். ஸ்கேலிங் கருவி சுரண்டுவதில்லை. அதன் முனை நொடிக்கு 25,000 தடவைக்கும் மேல் அதிரும். அந்த அதிர்வில் காரை உடைந்து தண்ணீரோடு வெளியே வரும். எனாமல் நம் உடம்பிலேயே கெட்டியான பொருள். முறையாகச் செய்தால் அதற்குச் சேதம் வராது. ஸ்கேலிங் முடிந்து எழுந்தவர் துப்பும் தொட்டியில் விழுந்த சாம்பல் நிறத் துண்டுகளைப் பார்த்து, "ஐயோ, பல் உடைஞ்சு வருதே" என்று பதறுவது வழக்கம். ஒரு துண்டைக் கையில் கொடுத்து நசுக்கிப் பார்க்கச் சொல்வேன். பொடிப்பொடியாக உதிரும். பல் அப்படி உதிராது.

ஸ்கேலிங்குக்கு அப்புறமும் சரியாகவில்லை என்றால்?

ஈறு அழற்சியாக இருந்தால் ஸ்கேலிங்கும் ஒழுங்கான துலக்கலும் போதும். பை உருவாகிவிட்டது என்றால் அடுத்தது ஆழச் சுத்தம். மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்குக் கீழே வேர் மேல் படிந்த காரையை எடுப்பார்கள். வாயை நாலு பாகமாகப் பிரித்து இரண்டு மூன்று நாளில் முடிப்பது வழக்கம். ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடி அளப்பார்கள். பெரும்பாலான பைகள் இதிலேயே சுருங்கிவிடும்.

சுருங்காத ஆழமான பைகளுக்குத்தான் ஃப்ளாப் ஆபரேஷன். ஈறைச் சற்றே திறந்து, கண்ணால் பார்த்துச் சுத்தம் செய்து, திரும்பத் தையல் போடுவது. எலும்புக் குழியின் வடிவம் தோதாக இருந்தால் செயற்கை எலும்புத் தூள் வைத்து ஓரளவு மீட்கலாம். ஓரளவுதான். எல்லா எலும்பும் திரும்பி வரும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள். லேசரும் இதற்குத் துணைக் கருவிதான். அதன் பெயரைச் சொல்லி விலையை ஏற்றுவது கொஞ்சம் அதிகம் நடக்கிறது.

அதற்குப் பிறகு மூன்று அல்லது நான்கு மாதத்துக்கு ஒரு தடவை வர வேண்டும். இதைச் சொல்லும்போது முகம் வாடிவிடும். சர்க்கரை, பிரஷர் மாதிரி இதுவும் கட்டுக்குள் வைத்துக்கொள்ளும் நோய். ஆபரேஷன் வரை நன்றாக ஒத்துழைத்துவிட்டு, இந்தக் கட்டத்தில் காணாமல் போகிறவர்களுக்குத்தான் நோய் திரும்ப வருகிறது.

மாத்திரையோ மவுத்வாஷோ கொடுத்துவிட முடியாதா?

முடிந்தால் கொடுத்திருக்க மாட்டோமா? கிருமிகள் படலத்துக்குள் கூடு கட்டி இருப்பதால் ஆன்டிபயாடிக் உள்ளே சரியாக நுழையாது. சீழ், காய்ச்சல், சில கடுமையான வகைகள் ஆகியவற்றுக்கு மட்டும், அதுவும் சுத்தம் செய்வதோடு சேர்த்துக் கொடுப்போம். மருந்துக் கடையில் "ஈறு வீக்கத்துக்கு நாலு மாத்திரை" என்று கேட்டு வாங்குவதால் வீக்கம் வடியும், காரை அங்கேயே இருக்கும், இரண்டு மாதத்தில் மறுபடி வீங்கும். மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் எழுதியிருந்தால் அந்த நாட்களில் மது கூடாது.

குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் நல்ல மருந்து. மருந்து என்பதால்தான் கால வரம்பு உண்டு. 0.2 சதவீதக் கரைசல், 10 மி.லி., ஒரு நிமிடம், இரண்டு வேளை, இரண்டு வாரம். அதற்கு மேல் மாதக்கணக்கில் கொப்பளித்தால் பல்லில் பழுப்புக் கறை பிடிக்கும், ருசி மாறும். பேஸ்ட் போட்டுத் துலக்கியவுடன் கொப்பளித்தால் பலன் குறையும். அரை மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

வேப்பங்குச்சி, உப்பு, கிராம்பு எண்ணெய், நல்லெண்ணெய்க் கொப்பளிப்பு?

ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் நல்லது. ஒரு டம்ளருக்கு அரை ஸ்பூன். வீக்கத்துக்கு இதமாக இருக்கும். ஆனால் உப்பை அப்படியே வைத்துத் தேய்ப்பது, அடுப்புக்கரி, செங்கல் தூள், சாம்பல், சொரசொரப்பான பல்பொடி எல்லாம் பல்லை அரித்து ஈறை இறக்கும். விரலால் பல்பொடி தேய்த்துப் பழகிய பெரியவர்களுக்குப் பல்லின் கழுத்தில் குழி விழுந்திருப்பதை அடிக்கடி பார்க்கலாம். கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் நனைத்து ஈறில் வைத்துக்கொண்டு தூங்கி, மறுநாள் வெந்துபோன வெள்ளைத் தோலோடு வருகிறவர்கள் உண்டு. நல்லெண்ணெய் கொப்பளிப்பது படலத்தைக் கொஞ்சம் குறைப்பதாகச் சிறு ஆய்வுகள் சொல்கின்றன. செய்யலாம், துலக்குவதற்குப் பதிலாக இல்லை.

"ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்பதில் வேல் என்றால் பலர் நினைப்பது போல வேம்பு இல்லை, கருவேலம். குச்சியை நன்றாக மென்று தூரிகை மாதிரி ஆக்கித் துலக்கினால் வெளிப்புறம் சுத்தமாகும். பல்லிடுக்கும் உட்புறமும் விடுபட்டுப் போகும். சொன்னவர்கள் காலத்தில் அதைவிட நல்லது இல்லை. இப்போது இருக்கிறது.

சரி, எப்படித்தான் துலக்குவது?

மென்மையான பிரஷ். முட்களைப் பல்லின் நடுவில் வைக்காமல், பாதி ஈறிலும் பாதி பல்லிலும் படும்படி 45 டிகிரி சாய்த்து வையுங்கள். அந்த இடத்திலேயே சின்னதாக நடுக்கி, பிறகு பல்லின் நுனியை நோக்கிச் சுழற்றித் தள்ளுங்கள். இரண்டு மூன்று பல்லாக நகருங்கள், இரண்டு நிமிடம், இரண்டு வேளை. ராத்திரித் துலக்கல்தான் முக்கியம். தூக்கத்தில் எச்சில் குறைவதால் கிருமிக்குக் கொண்டாட்டம். காலையை விட்டாலும் ராத்திரியை விடாதீர்கள் என்பது என் கட்சி. கீழ் முன்பற்களின் உட்புறத்துக்கு பிரஷ்ஷை நெட்டுக்குத்தாகப் பிடிக்க வேண்டும்.

பிரஷ் எவ்வளவு நன்றாகப் போனாலும் இடுக்குக்குள் போகாது. ஈறு நோய் அங்கேதான் தொடங்குகிறது. இடுக்கு நெருக்கமாக இருந்தால் ஃப்ளாஸ் நூல். இடைவெளி விழுந்துவிட்டது என்றால் பாட்டில் கழுவும் பிரஷ்ஷின் குட்டி மாதிரி இருக்கும் இடுக்கு பிரஷ் அதைவிட நன்றாக வேலை செய்யும், பழகவும் சுலபம். அளவை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். ஊக்கு, தீக்குச்சி இரண்டையும் இன்றோடு விட்டுவிடுங்கள்.

பல் ஆடுகிறது. எடுத்துவிட வேண்டியதுதானா? மேல் பல்லை எடுத்தால் கண் பார்வை போகுமா?

போகாது. கண்ணுக்குப் போகும் நரம்பு வேறு, பல்லுக்குப் போகும் நரம்பு வேறு. பல் எடுக்கும் வயதும் கண்ணில் புரை விழும் வயதும் ஒன்றாக வருவதால் பிறந்த நம்பிக்கை இது.

லேசாக முன்னும் பின்னும் ஆடுகிற பல்லைப் பெரும்பாலும் காப்பாற்றலாம். சுத்தம் செய்து, தேவைப்பட்டால் பக்கத்துப் பற்களோடு உள்பக்கமாகக் கம்பி வைத்துக் கட்டிவிடலாம். குழிக்குள் மேலும் கீழும் அமுங்கி எழுகிற பல்லுக்குத் தாங்க எலும்பு இல்லை, எடுப்பதுதான் நல்லது. அதை வைத்துக்கொண்டிருந்தால் பக்கத்துப் பல்லின் எலும்பும் போகும்.

ஈறு நோயால் மாரடைப்பு வருமா?

ஈறு நோய் உள்ளவர்களுக்கு இதய நோய் கூடுதலாகக் காணப்படுகிறது. ஒன்றால்தான் மற்றது வருகிறது என்று நிரூபணமாகவில்லை. புகை, சர்க்கரை இரண்டும் இரண்டுக்கும் பொதுக் காரணம். பல்லைச் சுத்தம் செய்தால் மாரடைப்பு வராது என்று விளம்பரம் செய்பவர்கள் அவசரப்படுகிறார்கள்.

எப்போது நாள் பார்க்காமல் ஓட வேண்டும்?

ஈறில் சீழ் கட்டி முகம் வீங்கினால், காய்ச்சலோடு வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாமல் போனால், அன்றே. காய்ச்சல் நாட்களில் ஈறிலிருந்து தானாக ரத்தம் வந்தால் பல் மருத்துவரிடம் வராதீர்கள். அது டெங்குவின் எச்சரிக்கை அறிகுறியாக இருக்கலாம், நேராகப் பொது மருத்துவமனைக்குப் போங்கள். சில வாரங்களில் ஈறு திடீரென உப்பி, உடம்பில் காரணமில்லாமல் கன்றிய திட்டுகள், சோர்வு, எடைக் குறைவு என்று வந்தால் ரத்தப் பரிசோதனை அவசரம். ரத்தப் புற்றுநோய் சில நேரம் ஈறில்தான் முதலில் தலைகாட்டும். இரண்டு வாரத்தில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு எதுவானாலும் காட்டிவிடுங்கள். வெற்றிலை, பாக்கு, புகையிலை போடுபவர்கள் கட்டாயம்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்லுங்கள். ஸ்கேலிங்குக்காக ஆஸ்பிரினை நீங்களே நிறுத்தாதீர்கள்.

எங்கே போவது? செலவு தாங்குமா?

சாதாரண ஸ்கேலிங்கை பி.டி.எஸ் (பல் மருத்துவப் பட்டம்) படித்த எந்த மருத்துவரும் செய்வார். ஆழமான பை, ஆபரேஷன் என்றால் ஈறு சிகிச்சையில் எம்.டி.எஸ் (மேற்படிப்பு) படித்தவர் நல்லது. கட்டணம் யோசனையாக இருந்தால் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. சென்னையில் 1953-இல் தொடங்கியது ஒன்று. சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் உண்டு. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் கட்டணம் வெளியே ஆவதைவிடக் குறைவு. மாணவர்கள் செய்வதால் நேரம் பிடிக்கும்; பேராசிரியர் வந்து பார்த்துச் சரி சொல்லும் வரை நகரவிட மாட்டார்கள், அது உங்களுக்கு நல்லதுதான். காலையில் சீக்கிரம் போய்ச் சீட்டு வாங்குங்கள், ஒரு நாள் லீவு போட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாப் பல்லையும் எடுத்துவிட்டு இம்ப்ளாண்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லையே இருக்காதுதானே?

ஒரு மாமா இதைக் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார். மகன் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புகிறான், மொத்தமாக மாற்றிவிடலாம் என்று. இம்ப்ளாண்ட்டுக்குச் சொத்தை வராது. ஆனால் அதைச் சுற்றி இருப்பது அதே ஈறு, அதே எலும்பு, அதே கிருமி. ஈறு நோயால் பல்லை இழந்தவர்களுக்கு இம்ப்ளாண்ட்டைச் சுற்றியும் எலும்பு கரையும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். இயற்கைப் பல்லைப் பிடித்திருக்கும் நார்கள் அதற்கு இல்லாததால், நோய் வந்தால் வேகமாக உள்ளே இறங்கும், சிகிச்சையும் கடினம்.

அவருக்கு ஆறு பல் எடுக்க வேண்டியிருந்தது. மீதி இருபதைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறோம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வருகிறார், வரும்போதெல்லாம் இடுக்கு பிரஷ்ஷின் விலையைப் பற்றிக் குறைபட்டுக்கொள்கிறார்.